மயக்கத்துக்கு முன்னும் பின்னும்

முழு மயக்கத்தில் நடக்கும் அறுவை சிகிச்சையின் விளைவு, இன்று மருந்தைவிட நோயாளியின் உடல்நிலையையே அதிகம் சார்ந்திருக்கிறது. முன்பு மயக்கமே பெரிய ஆபத்தாக இருந்தது. 1948 முதல் 1952 வரை அமெரிக்காவின் 10 பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6 லட்சம் நோயாளிகளை ஆராய்ந்த பீச்சரும் டாடும், 1,560 பேருக்கு ஒருவரின் மரணத்தில் மயக்கத்துக்குப் பங்கிருந்ததாகக் கணக்கிட்டார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரும், வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியும் வந்த பிறகு, வசதியுள்ள மருத்துவமனைகளில் அந்த ஆபத்து பல மடங்கு குறைந்துவிட்டது.

நோயாளியின் உடல்நிலையை மதிப்பிட மயக்க மருத்துவர்கள் அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் 6 படிநிலைகளைப் பயன்படுத்துகிறார்கள். நோயற்றவர் முதல் படி. புகைப்பவரும் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவரும் இரண்டாம் படி. சர்க்கரை கட்டுக்கு அடங்காதவர் மூன்றாம் படி. ஆறாம் படி, உறுப்பு தானத்துக்குரிய மூளைச்சாவு அடைந்தவர். படி ஏற ஏற இறப்பும் சிக்கல்களும் கூடுகின்றன. பெரியவர்களைப் பொறுத்தவரை இந்தப் பகுப்பில் வயதுக்குத் தனி இடமில்லை. இரண்டு மாடி நிற்காமல் ஏறும் 70 வயதுக்காரர், நெஞ்சுவலியோடு வரும் 50 வயதுக்காரரைவிட நல்ல நிலையில் மயக்கத்துக்குப் போகக்கூடும். ஆகவே, வயதைச் சொல்லி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பல வேளைகளில் தவறு.

எல்லா விளைவும் உயிர் சார்ந்ததல்ல. பெண்கள், புகைக்காதவர்கள், பயணத்தில் வாந்தி எடுப்பவர்கள், அறுவைக்குப் பின் ஓபியாய்டு வலிமருந்து பெறுபவர்கள் ஆகியோருக்குக் குமட்டலும் வாந்தியும் அதிகம். நான்கும் பொருந்தினால் 100 பேரில் சுமார் 80 பேருக்கு வரும். முதியவர்களிடம் கவலைக்குரியது நினைவுத் தடுமாற்றம். 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 25.8 விழுக்காட்டினருக்கு ஒரு வாரத்திலும் 9.9 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்திலும் அது இருந்தது. முழு மயக்கத்தையும், உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையையும் ஒப்பிட்டபோது மூன்று மாத முடிவில் தெளிவான வேறுபாடு இல்லை. மயக்க மருந்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது; அறுவையால் உடல் படும் பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உடல்நிலை மட்டுமே விளைவைத் தீர்மானிப்பதும் இல்லை. 25 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இதை வலுவாகக் காட்டுகிறது. அந்த நோயாளிகளின் சராசரி வயது சுமார் 38. உடல்நிலையும் ஒப்பீட்டளவில் நன்றாகவே இருந்தது. சிக்கல்களும் உலக சராசரியைவிட அதிகமில்லை. ஆனால் இறந்தவர்கள் 2.1 விழுக்காடு, அதாவது உலக சராசரியைப் போல் இரு மடங்கு. 100 மரணங்களில் 94 அறுவை நாளுக்குப் பிறகே நிகழ்ந்தன. பெரும்பாலோர் உயிரிழந்தது அறுவை மேசையில் அல்ல. ரத்தக்கசிவையும் தொற்றையும் நேரத்தோடு கண்டுபிடித்துச் சமாளிக்க ஆளில்லாத வார்டுகளில்.

ஆபத்து மிகுந்தவர்களைக் கூடுதலாகக் கண்காணித்தால் இறப்பு குறையுமா என்று அடுத்த ஆய்வு சோதித்தது. நோயாளியை நர்ஸ் மேசைக்கு எதிரே உள்ள கட்டிலுக்கு மாற்றுவது, அடிக்கடி பரிசோதிப்பது, உறவினரைப் பக்கத்தில் இருக்க விடுவது போன்ற எளிய ஏற்பாடுகள்தான் அவை. 2021இல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை. ஏற்கெனவே திணறும் வார்டில் புதிய நர்ஸையோ மருத்துவரையோ சேர்க்காமல் வேலையை மட்டும் கூட்டுவது போதாது.