வராத ஒலிக்கும் ஒரு பதில்

ஒரே சுருதியில் 'பீப்' ஒலி திரும்பத் திரும்ப வந்தால் மூளையின் செவிப்புல நரம்பணுக்கள் சலித்துப்போகின்றன. இடையில் வேறொரு சுருதி வந்ததும் சிலிர்த்துக்கொள்கின்றன. பின்லாந்தின் ரிஸ்தோ நாட்டானென் குழு 1978-இல் மனித மூளை அலைகளில் இதைக் காட்டியது. ஒலியைக் கவனிக்காமல் புத்தகத்தில் மூழ்கியிருந்தாலும் அந்த அலை எழும். 2003-இல் உலனோவ்ஸ்கி, லாஸ், நெல்கன் ஆகிய மூவரும் மயக்கத்திலிருந்த பூனைகளின் தனித்தனி அணுக்களிலேயே அதைப் பதிவுசெய்தார்கள். எது வழக்கம், எது அரிது என்பதை மாற்றிவைத்ததும் அணுவின் நாட்டமும் மாறியது.

இதைக் கண்டதும் 'மூளை வருவதைக் கணிக்கிறது' என்று சிலர் முழங்குகிறார்கள். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பழகிய ஒலியால் களைத்த அணுக்கள் ஒருபுறம், புதிய ஒலிக்கான களைப்பில்லாத அணுக்கள் மறுபுறம். இதில் கணிப்பு எங்கே வந்தது? ஆனால் ஒரு சோதனை என்னையும் அசைக்கிறது. நொடிக்கு எட்டு, பத்து என விரைந்து வரும் ஒலிகளில் ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இடைவெளிக்கும் அலை எழுகிறது. களைப்பைக் காரணம் காட்டுபவர்கள் (நானும்தான்) இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.