கடலெனும் வேலியும் எம் தீவின் தேனீயும்

தீவில் வாழ்வோர் கடலைத் தடையென்று கருதுவதே பெரும்பான்மை. மேற்கல்வியும் தொழிலும் நாடிச் சென்ற எம் கல்லூரியின் பழைய மாணவர் பலருக்கு அது கடந்தேயாக வேண்டிய ஒன்றாயிருந்தது. ஆயினும் மனிதருக்குத் தடையாய் நிற்கும் அதே கடல், வேறு சில உயிர்களுக்கு வேலியாய் நின்று காவல் புரிகின்றது. அவ்வாறு காக்கப்பெறும் உயிர்களுள் எம் தேனீ தலையாயது. அவ்வேலியை நாமே அறுத்துவிடலாகாது என்பதனை இவ்விழா மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம் தீவில் தேன் தரும் ஈக்கள் நால்வகைப்படும். பெருமரக் கிளைகளிலும் பாறைகளிலும் ஒற்றை வதை கட்டும் மலைத்தேனீ, புதர்களிற் சிறுவதை கட்டும் கொம்புத்தேனீ, கொடுக்கின்றிச் சுவர்த்துளைகளிற் குடியிருக்கும் கொசுத்தேனீ, மரப்பொந்துகளிற் பல வதைகளை அடுக்கிக் கட்டும் பொந்துத்தேனீ என்பன அவை. இவற்றுள் பெட்டியிலும் பானையிலும் வைத்து வளர்த்தற்கு இசைந்து தேன் தருவதிற் சிறந்தது பொந்துத்தேனீயே.

ஆலையடிவேம்பு என்னும் எம் ஊர்ப்பெயரிலேயே மரம் இருக்கின்றது. வேம்பும் புளியும் தென்னையும் பூக்குங் காலத்தில் இத்தேனீயின் ஒலி கேளாத வளவு அரிது. நெல்லுக்குத் தேனீயின் உதவி வேண்டியதில்லை, உண்மையே. ஆனால் வளவிற் படரும் பூசணியையும் பாகலையும் நோக்குக. அவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றன் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு செல்வார் இல்லையேல் காய் இல்லை. கூலி கேளாது அத்தொழிலைச் செய்வோருள் முதன்மை பெற்றது தேனீ.

குறிஞ்சி நிலத்தார் தொழில்களுள் தேனழித்தலை ஒன்றாக எண்ணினர் எம் இலக்கண நூலார். தேனுந் தினைமாவும் வள்ளியம்மையின் கதையோடு பிரியாது நிற்பன. அக்கதையை நெஞ்சிற் கொண்டே அடியார்கள் திருக்கோவில் வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்கின்றனர். கோயிற் பஞ்சாமிர்தம் தேனின்றி அமையாது. எம் அயலவராகிய முஸ்லிம் சகோதரரின் திருமறையிலும் தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயம் உண்டு. ஆகவே இவ்வுயிரைக் காத்தல் ஒரு சாராருக்கு மட்டும் உரிய கடனன்று. இக்கரையோரத்தார் எல்லோர்க்கும் உரிய பொதுக்கடன்.

இனி, எதிர்ப்பக்கத்தார் கூற்றையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். “ஐரோப்பியத் தேனீ எம் தேனீயிலும் பன்மடங்கு தேன் தருகின்றது, பெட்டியை விட்டு எளிதில் ஓடுவதில்லை. எம் தேனீயோ எறும்பு வந்தாலும் மெழுகுப்பூச்சி வந்தாலும் கூட்டைத் துறந்து பறந்துவிடுகின்றது. இந்தியாவிற் பஞ்சாப், இமாசலப் பகுதிகளில் 1960களிற் கொணர்ந்த ஐரோப்பியத் தேனீ நிலைபெற்றுப் பயன் தருகின்றதே. இங்கும் கொணர்ந்தால் என்ன?” என்பது அவர் வினா. தேனின் அளவு பற்றிய அவர் கூற்றில் பொய்யில்லை. ஆயின் ஒரு கூட்டைக் கொணர்வோன் தேனீயை மட்டும் கொணர்வதில்லை. அதன் உடலிலும் வதையிலும் ஒட்டிய உண்ணியையும் நோயையும் உடன் கொணர்கின்றான். கணக்கில் ஏறாத அவ்விருந்தாளிகளாலேயே உலகெங்கும் கேடு விளைந்தது.

வரோவா என்னும் உண்ணியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாம். 1904ஆம் ஆண்டில் யாவாத் தீவில், எம் பொந்துத்தேனீயின் இனத்தைச் சேர்ந்த தேனீயின் கூட்டிலேதான் இவ்வகை உண்ணி முதன்முதல் அறியப்பட்டது. அவ்வினத்துக்கு அது பழம்பகை. வேலைத்தேனீக்கள் ஒன்றன் உடலிலிருந்து மற்றொன்று உண்ணியைப் பற்றி அகற்றுகின்றன. உண்ணியும் பெரும்பாலும் ஆண்தேனீயின் அறைகளிலே மட்டும் பெருகுகின்றது. ஆதலிற் கூடு அழிவதில்லை. ஐரோப்பியத் தேனீயை மனிதர் ஆசியாவிற் கொணர்ந்து பக்கத்தே வைத்தபோது உண்ணி அதன்மேல் தாவியது. அத்தேனீக்கோ இத்தற்காப்பு இல்லை. வேலைத்தேனீ வளரும் அறைகளிலும் உண்ணி பெருகிக் கூடுகள் மாய்ந்தன. வணிகத்தின் வழியே அது கண்டந்தோறும் பரவியது. ஆண்டாண்டு காலமாக ஓர் உயிரும் அதன் பகையும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையை மனிதன் ஒரு பெட்டியால் குலைத்துவிட்டான் என்பதே இதன் பாடம்.

அங்ஙனமாயின் எம் தேனீக்கு அச்சமில்லையே என்பாரும் உளர். அவர்க்கு விடை தொலைவில் இல்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கின்றது. 1976ஆம் ஆண்டில் தாய்லாந்தில் எம் தேனீயின் இனத்தை ஒரு வைரசு நோய் தாக்கியது. புழுவானது கூட்டுப்புழுவாய் மாறுதற்கு முன்னரே இறந்து, நீர் நிறைந்த பை போலாகி விடுதலின், அதனைப் பைப்புழு நோய் எனலாம். 1978இல் அது இந்தியாவின் மேகாலயத்திற் காணப்பட்டது. 1991இல் கேரளத்தில் தோன்றி, அடுத்தடுத்துத் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் புகுந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனீ வளர்ப்பிற் புகழ்பெற்ற ஊர். அங்கே 1920களிலிருந்தே சிற்றூர் மக்கள் இத்தொழிலைக் கற்று வந்தனர். றப்பர்த் தோட்டங்களை அண்டி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதனாற் பிழைத்தன. நோய் புகுந்த சில பருவங்களுள் அப்பகுதிகளில் வளர்க்கப்பட்ட கூடுகளிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன என்பர். அந்நோய்க்கு மருந்து இல்லை. தாக்குண்டும் பிழைத்த சில கூடுகளிலிருந்தே பின்னர் சிறுகச் சிறுகப் பெருக்கி எடுத்தனர். மாண்டது அயல்நாட்டுத் தேனீயன்று. எம் தேனீயின் உடன்பிறப்பே என்பதனை மறவாதிருப்போமாக.

தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. படகுக்கு அது சிறு தொலைவு. இரை தேடி இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாற் செல்லாத பொந்துத்தேனீக்கோ அது கடத்தற்கரிய பெருவேலி.

வேலி கடந்து வரும் கேட்டின் சுவையை இத்தீவு அறியாததன்று. 1869ஆம் ஆண்டில் ஊவா நாட்டு மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலையிற் காணப்பட்ட செம்மஞ்சட் பூஞ்சணம், இருபது ஆண்டுகளுக்குள் இத்தீவின் கோப்பிச் செய்கையையே வீழ்த்தியது. அது பழங்கதை என்பார்க்கு அண்மைக் கதையும் உண்டு. அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் தோன்றி, அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே இலங்கையை அடைந்தது. எம் அம்பாறை மாவட்டத்துச் சோளச் சேனைகளும் தப்பவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. படைப்புழுவின் அந்துப்பூச்சி தன் சிறகாலேயே நெடுந்தூரம் பறக்க வல்லது. அதனைத் தடுத்தல் எளிதன்று. தேனீயின் நோயோ மனிதர் கையும் கலமும் இன்றிக் கடல் கடப்பது அரிது. ஆகவே அக்கேடு வருமாயின், விதியின் மேற் பழி போட எமக்கு இடமிராது.

பிற தீவினர் என் செய்தனர் என நோக்குவோம். தென் அவுஸ்திரேலியாவைச் சார்ந்த கங்காருத் தீவு 1885ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தேனீச் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே தேனீயை மட்டுமன்றி, பழைய பெட்டியையும் தேனையும் கூடக் கொண்டு செல்லலாகாது. ஸ்கொத்லாந்தின் கொலன்சே, ஒரன்சே என்னும் சிறு தீவுகளில் அந்நாட்டுக் கருந்தேனீயன்றி வேறு தேனீயை வளர்த்தல் 2014ஆம் ஆண்டு தொடக்கம் குற்றமாகும். அதே வேளை, காவல் சற்றே தளர்ந்தால் நேர்வதற்கும் சான்றுகள் உள. 1908ஆம் ஆண்டு முதலே தேனீ இறக்குமதியைத் தடுத்து வந்த ஹவாய்த் தீவுகளில் 2007இல் வரோவா உண்ணி காணப்பட்டது. கண்டம் முழுவதும் அவ்வுண்ணியின்றி நெடுங்காலம் பெருமையுற்றிருந்த அவுஸ்திரேலியாவில் 2022ஆம் ஆண்டு யூன் மாதம் நியூகாசில் துறைமுகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கூடுகளை அழித்தும் ஒழிக்க இயலாமையால், 2023 செப்ரெம்பரில் அம்முயற்சியைக் கைவிட்டனர். வந்தபின் விரட்டுதல் செல்வம் மிக்க அரசுக்கும் அரிதாயின் எமக்கு எவ்வாறு கைகூடும்? வாராமற் காத்தல் ஒன்றே எம் கைக்குள் அடங்கிய மருந்து.

அயல்நாட்டுத் தேனீயை இத்தீவினுட் கொணர்தலை அரசு தடுத்துள்ளது. அத்தடை நன்று, அதனைத் தளர்த்துமாறு எவர் கேட்பினும் இசைதல் தகாது என்பதே எம் துணிபு. ஆயின் சட்டம் துறைமுகத்தில் நிற்கின்றது. ஆசையோ பயணப்பெட்டியினுள் வருகின்றது. இராணித்தேனீயையும் அதற்குப் பணிபுரியும் சில ஈக்களையும் தீப்பெட்டி அளவான கூட்டினுள் அடக்கி உலகெங்கும் அனுப்புகின்றனர். அத்துணைச் சிறிய பொருள் ஒரு சட்டைப்பையினுள் அடங்கிவிடும். நன்மை செய்கின்றோம் என்னும் எண்ணத்தோடேயே ஒருவர் இத்தீமையைச் செய்துவிடக்கூடும்.

ஆதலின் கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஊருக்கு உதவும் உங்கள் உள்ளத்தை யாம் நன்கு அறிவோம். பிறந்த மண்ணுக்கு நூல் கொணருங்கள்; கருவி கொணருங்கள்; கற்ற கலையைக் கொணருங்கள். தேனீயையோ, வதையோடு கூடிய தேனையோ, ஒருமுறை பயன்படுத்திய தேனீப் பெட்டியையோ, புகைக்கருவியையோ, கையுறையையோ கொணராதீர்கள். தேனீப்புழுவை அழுகச் செய்யும் ஒருவகை நோயின் வித்துகள் பழைய வதையிற் பல பத்தாண்டுகள் உறங்கியிருந்து மீள எழவல்லன. அயல்நாட்டுத் தேன் இருந்த போத்தலைக் கழுவாது வளவில் எறிதலும் தகாது. அதனை நக்க வரும் ஈ தன் கூட்டுக்கு எதனைக் கொண்டு செல்லும் என எவர் சொல்ல வல்லார்?

உள்ளூரில் வாழ்வோர்க்கும் கடமை உண்டு. அயல்நாட்டுத் தேனீயின் மேல் ஆசை எழுவது எம் தேனீயைப் பேணத் தெரியாமையாலன்றோ? பெட்டியின் காலை நீர்க்கிண்ணத்துள் நிறுத்தினால் எறும்பு அணுகாது. பழவதையைக் காலத்தில் அகற்றினால் மெழுகுப்பூச்சி குறையும். தேன் எடுக்குங்கால் புழுவறைகளை விடுத்து, மழைக்கால உணவுக்கு ஒரு பங்கையும் விட்டு வைத்தால் ஈக்கள் ஓடுதல் குறையும். பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு நிலையம் உண்டு. அங்கே மாணவரை அழைத்துச் செல்லலாம். எம் கல்லூரித் தோட்டத்தில் இரண்டு பெட்டிகள் இருப்பின், உயிரியல் ஆசிரியர்க்கு அதனினும் சிறந்த பாடநூல் வேண்டா. புழுக்கள் இறந்து கிடக்குங் கூட்டைக் கண்டால் மறைத்து வைத்தலோ வேற்றூருக்கு விற்றலோ பெரும் பிழை. விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவித்தலே முறை.

தேன் குறைந்தால் மறு பருவத்திற் பெறலாம். பணம் குறைந்தால் வேறு தொழிலில் ஈட்டலாம். இம்மண்ணின் மழையோடும் வெயிலோடும் பூக்களோடும் எண்ணற்ற தலைமுறைகளாகப் பழகிய ஓர் இனம் அழிந்துபடுமாயின், அதனை எக்கப்பலில் ஏற்றிக் கொணர்வோம்? எம் முன்னோர் எமக்கு நோயின்றி விட்டுச்சென்ற கூடுகளை, எம் மாணவருக்கும் நோயின்றி விட்டுச்செல்லுதல் எம் கடன். கடல் தன் காவலைச் செய்து நிற்கின்றது. கரையிலுள்ள நாமும் எம் காவலைச் செய்வோமாக.