தடுப்பூசிக்குப் பின் அளக்க வேண்டிய எண்

தமிழகப் பொது சுகாதாரத் துறை 2021-இல் நடத்திய மூன்றாம் கட்ட ரத்தப் பரிசோதனை ஆய்வில், 66 சதவீதத்தினரிடம் கரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதம் இருந்தது. மாநிலத்தின் பொது நிலையை அறிய இத்தகைய சராசரி உதவும். தேவாரத்தில் வாழும் ஒரு சிறுநீரக மாற்று நோயாளிக்கு அதனால் பயனில்லை. பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளே தடுப்பூசியின் பலனையும் மட்டுப்படுத்துகின்றன.

அமெரிக்காவில் உறுப்பு மாற்று பெற்ற 658 பேரிடம் 2021-இல் நடந்த ஆய்வில், இரு தவணைக்குப் பிறகும் 46 சதவீதத்தினரிடம் எதிர்ப்புரதம் தென்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அந்நாடு இத்தகையோருக்கு மூன்றாம் தவணையை அனுமதித்தது. இந்தியாவில் 2022 ஜனவரியில் தொடங்கிய முன்னெச்சரிக்கைத் தவணையோ, சுகாதார, முன்களப் பணியாளர்களுக்கும் இணைநோயுள்ள 60 வயதைக் கடந்தோருக்கும் மட்டுமே கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகத்துடன் போடி ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் நாற்பது வயதுக்காரர், ஏப்ரல் வரை காத்திருந்து, தனியார் மையத்தில் பணம் கட்டித்தான் அதைப் பெற முடிந்தது. நோயின் தன்மையை விட்டுவிட்டு வயதை அளவுகோலாக்கியது தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. எதிர்ப்புரதம் இருக்கிறது என்று காட்டும் சாதாரணச் சோதனை, அது வைரஸை முடக்குமா என்பதைச் சொல்லாது. இவ்வளவு இருந்தால் போதும் என்ற எல்லைக்கோடும் கரோனாவில் வகுக்கப்படவில்லை. வைரஸ் உருமாறினால் பழைய எண் பொருளிழந்துவிடும். ஆகவே, அந்த எண்ணுக்காகத் தவணையைத் தள்ளிப்போடுவதில் நியாயமில்லை.

ஹெபடைடிஸ் பி விஷயம் வேறு. அதற்கு எல்லைக்கோடு நெடுங்காலமாகவே உள்ளது: மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு. டயாலிசிஸ் நோயாளிக்குத் தடுப்பூசியைக் கூடுதல் அளவில் செலுத்தி, கடைசித் தவணைக்குப் பின் ஓரிரு மாதங்களில் ரத்தத்தில் அளந்து பார்ப்பதும், பிறகு ஆண்டுதோறும் அளப்பதும், எண் குறைந்தால் மீண்டும் செலுத்துவதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை. டயாலிசிஸுக்காக வாரத்தில் இரண்டு, மூன்று முறை மலையடிவாரத்திலிருந்து தேனிப் பக்கம் வருவோரிடம் இதற்கெனத் தனிப் பயணம் எதையும் கோர வேண்டியதில்லை. வழக்கமாக எடுக்கும் ரத்தமே போதும். அந்த எண்ணை அவருடைய சிகிச்சை அட்டையில் எழுத வேண்டும். 10-க்குக் கீழே இறங்கியவருக்கு அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்பதையும் அதன் அருகிலேயே குறிக்க வேண்டும்.