வாங்கிய புத்தகம் யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரம் போகிறீர்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கிறீர்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கிறீர்கள். புடவை உங்களுடையது. மகள் கட்டலாம். தங்கைக்கு இரவல் கொடுக்கலாம். பழசானால் பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். ஜரிகைக்காகப் பழம்புடவையை விற்கிறவர்களும் உண்டு. நெய்தவர் வந்து, "ஏன் வெட்டினாய்?" என்று கேட்பாரா? கேட்கமாட்டார்.

புத்தகமும் அப்படித்தான் இருந்தது. ஒரு புத்தகம் வாங்கினால் தெருவே படிக்கும்.

இப்போது செல்போனில் படிக்கும் மின்புத்தகம் வந்துவிட்டது. அதற்கும் பணம் கொடுக்கிறோம். ஆனால் பல மின்புத்தகங்களுக்குப் பூட்டு உண்டு. கண்ணுக்குத் தெரியாத பூட்டு! பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்க முடியாது. இஷ்டப்பட்ட கருவிக்கெல்லாம் மாற்ற முடியாது. சாவி, விற்றவர் கையில்!

2009 ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலை அமேசான் கம்பெனியின் கடையில் பலர் வாங்கியிருந்தார்கள். அதைக் கடையில் போட்டவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று பிறகு தெரிந்தது. உடனே கம்பெனி, வாங்கியவர்களின் கருவியிலிருந்தே நாவலை அழித்துவிட்டது. பணம் திரும்பி வந்தது. புத்தகம் போய்விட்டது! கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். விற்ற புடவையைக் கடைக்காரர் இரவில் பீரோவைத் திறந்து எடுத்துப் போனால் நாம் சும்மா இருப்போமா?

நமக்கு இது தொல்லை. கண் தெரியாதவர்களுக்கோ இது பெரிய இடி.

அவர்கள் காதால் படிக்கிறார்கள். எழுத்தைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். பூட்டுப் போட்டால் அதன் வாய் அடைபடலாம். உலகில் அச்சாகும் புத்தகங்களில், அவர்கள் படிக்கும் வடிவில் கிடைப்பது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்று சொல்லப்பட்டு வந்தது. இதற்குப் 'புத்தகப் பஞ்சம்' என்றே பெயர் வைத்தார்கள். நம் நாட்டில் ஒரு பாடப் புத்தகத்தைப் பிரெய்லில் மாற்றவும் பதிப்பாளரின் அனுமதி தேவைப்பட்டது.

அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 2009இல் சென்னையில் 'படிக்கும் உரிமை' இயக்கம் தொடங்கினார்கள். மனுக் கொடுத்தார்கள். வாதாடினார்கள். 2012இல் பார்லிமெண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. ஊனமுற்றோர் படிப்பதற்காக, லாபம் கருதாமல், எந்தப் புத்தகத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று வழி பிறந்தது. 2013இல் மொராக்கோ நாட்டு மராகேஷ் நகரில் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. 2014இல் அதை முதன்முதலில் உறுதி செய்த நாடு எது தெரியுமா? இந்தியாதான்!

ஆனால் அதே 2012 திருத்தத்தில் இன்னொரு பிரிவும் வந்தது. திருடும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை ஜெயில். திருடனுக்குத் தண்டனை சரிதான். நியாயமான காரியத்துக்குப் பூட்டைத் திறக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. திறந்து உதவுகிறவர், யாருக்காக, எதற்காகத் திறந்தோம் என்று கணக்கு எழுதி வைக்க வேண்டுமாம். அதுவும் போகட்டும். சாவியை யார் கொடுப்பது? விற்றவர் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கதவைத் திறந்துகொள் என்கிறார்கள், சாவியைக் காட்டவில்லை!

எழுதுகிறவன் பிழைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இதை எழுதுகிறவனும் எழுத்தை விற்றுத்தான் சாப்பிடுகிறான். விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்றால் நெசவாளி வயிற்றில் அடிப்பதுதானே? திருட்டுப் பதிப்பும் அதுபோலத்தான். ஆனால் அளவு வேண்டும். புதிய புடவை டிசைனைப் பதிவு செய்தால் கிடைக்கும் பாதுகாப்பு, அதிகமாகப் போனால் 15 ஆண்டு. புத்தகத்துக்கோ, எழுதியவர் காலம் முழுவதும். அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு!

காஞ்சியில் 1909இல் பிறந்த அண்ணாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறைந்தது 1969இல். சட்டப்படி அவர் நூல்களுக்கு 2029 முடியப் பூட்டு. ஆனால் 1995இல் தமிழக சர்க்கார் அவற்றை நாட்டுடைமை ஆக்கியது. இன்று யாரும் அச்சிடலாம், செல்போனில் ஏற்றலாம், கண் தெரியாத பிள்ளைக்குப் படித்துப் பதிவு செய்யலாம். பாரதி பாடல்களுக்கு இந்த வழியை 1949இலேயே காட்டியது ஓமந்தூரார் ஆட்சி. அதுவும் தானாக நடக்கவில்லை. பாரதியை விடுதலை செய் என்று தமிழர்கள் குரல் எழுப்பிய பிறகே நடந்தது.

இப்போது கேட்க வேண்டியது பெரிய காரியம் அல்ல. சட்டத்தில் ஒரு பிரிவு. பார்வையற்றவரோ, அவர் படிக்கும் பள்ளியோ, நூலகமோ கேட்டால், பூட்டில்லாத பிரதியை விற்றவர் குறித்த நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அபராதம் அவருக்கு. காஞ்சிபுரத்துக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் பார்லிமெண்டு உறுப்பினருக்கு இதை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பலாம்.