காணும் பொங்கலும் காணாத பறவைகளும்

தை மாதம் மூன்றாம் நாள் விடிந்தால் சென்னையில் வேன்களுக்கு ஏகக் கிராக்கி. அண்டாவில் புளியோதரை, தூக்கில் தயிர்சாதம், வாழையிலைக் கட்டு, கரும்புத் துண்டுகள், பாட்டி உட்கார ஒரு ஜமக்காளம், பேரன் விளையாட ஒரு பந்து. இத்தனையும் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். காணும் பொங்கல் என்றால் காண்பதுதானே! உறவினரைக் காண்பது, ஊரைக் காண்பது, ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரையில் பேசிக் கொண்டிருப்பது. "பிக்னிக்" என்ற வார்த்தை இந்த நாட்டுக்குக் கப்பலேறி வருவதற்கு வெகு நாள் முன்பே இங்கே பிக்னிக் இருந்தது.

இப்போது கட்டுச்சோறு இருக்கிறது. பொழுது சாயும் வரையில் உட்காருவதுதான் இல்லை. வேன் வாடகை கொடுத்தாகிவிட்டது, நாலு இடம் பார்க்காமல் திரும்புவதா என்று குடும்பத் தலைவர் கணக்குப் போடுகிறார். காலையில் காஞ்சிபுரம், உச்சிவேளையில் வேடந்தாங்கல், பிற்பகல் மாமல்லபுரம், இருட்டிய பிறகு எங்கேயாவது கடற்கரை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வருஷத்தில் மனைவி மக்களோடு வெளியே கிளம்ப அவருக்குக் கிடைக்கும் நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனாலும் அந்தக் கணக்கு தப்புக் கணக்கு. நாலு இடத்துக்குப் போய் ஓர் இடத்தையும் பார்க்காமல் வருவதற்கா அத்தனை பணம்?

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். திருச்சி நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைத் தாண்டிப் படாளத்தில் மேற்கே திரும்பினால் வயல்களுக்கு நடுவே போகிறது பாதை. ஏரியின் பரப்பு 75 ஏக்கர்தான். அதற்குள் தண்ணீரில் கழுத்தளவு நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும். மரம் கொள்ளாமல் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கும்.

உச்சிவேளையில் வந்து இறங்கும் குடும்பம் எதைக் காண்கிறது? பாதிப் பறவைகள் அந்த நேரத்தில் ஊரில் இல்லை. கூட்டில் ஒன்று குஞ்சுக்குக் காவல் இருக்க, மற்றது சுற்று வட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இரை தேடப் போயிருக்கிறது. இருப்பவையும் வெயிலுக்குச் சிறகை ஒடுக்கிக்கொண்டு சும்மா நிற்கின்றன. "இவ்வளவுதானா?" என்கிறான் பையன். உடனே யாரோ கையைத் தட்டுகிறார்கள். யாரோ விசில் அடிக்கிறார்கள். வெளியே வேன்காரர் நேரமாகிவிட்டதென்று ஹாரனை அழுத்துகிறார். பறவை பறந்தால்தான் போட்டோவுக்கு அழகு என்று எண்ணம். கையொலிக்கு மிரண்டு தாய் எழும்பினால் கூட்டிலிருக்கும் குஞ்சு வெயிலில் கிடக்கும். காக்கைக்கும் பருந்துக்கும் அது நல்ல சமயம். தட்டிய கைக்கு இது தெரியாது.

அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேடர்களின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊரில் வேட்டை கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவர்கள் அவர்கள். 18-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரியில் பறவைகளைச் சுட்டார்களாம். ஊர் திரண்டு போய்ச் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, இனி இங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது என்று கௌல் எழுதி வாங்கி வந்தது. அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை. பக்கத்து மதுராந்தகத்தில் ஏரிக்கரையை இராமர் வில்லேந்திக் காத்ததாகச் சொல்லும் கதையில் வருகிறாரே, அதே துரைதான்!

ஊரார் இதைச் செய்தது வெறும் ஜீவகாருண்யத்தினால் மட்டுமல்ல. பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. காசு கொடுக்காமலே பயிருக்கு உரம். நத்தைகுத்தி நாரையோ வயலில் பயிரைக் கெடுக்கும் நத்தைகளைத் தின்று தீர்க்கிறது. தன் வயிற்றுக்கும் பறவையின் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தத்தைப் படிப்பறியாத குடியானவன் இருநூறு வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டான். 2022-ல்தான் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் வேடந்தாங்கலின் பெயர் ஏறியது.

வேடந்தாங்கல் ஒன்றுதான் இப்படி என்றும் இல்லை. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் பறவைகள் இருக்கின்றன, அவ்வளவுதான் காரணம். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பட்டாசு என்றால் ஆசைதான். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே பறவை கூடு கட்டுகிறது. கொல்லை நாறும், துணி உலர்த்த முடியாது. ஆனாலும் அதை யாரும் விரட்டுவதில்லை. சொந்த ஊரில் பண்டிகைச் சந்தோஷத்தைக்கூட விட்டுக்கொடுக்கிறவர்களின் வாசலில் போய், ஒரு நாள் விருந்தாளி விசில் அடிப்பது எந்த ஊர் மரியாதை?

ஆகவே காணும் பொங்கலுக்கு வேடந்தாங்கல் போகிறவர்கள் வேடந்தாங்கலுக்கு மட்டும் போகலாம். பத்து மணிக்கு வீட்டில் நிதானமாகக் கிளம்பினால் போதும். வழியில் ஒரு மரநிழலில் இலை போட்டுச் சாப்பிடலாம். சாப்பிட்ட இலையை மாடு தின்னும். பிளாஸ்டிக் தட்டைத் தின்றால் மாடு செத்துப்போகும். அதனால் பழைய வாழையிலையே உத்தமம். மூன்று மணிக்கு மேல் ஏரிக்குப் போய்க் கரையில் மெல்ல நடந்து, பாட்டிக்குக் கால் வலித்தால் உட்கார வைத்து, வாசல் அடைக்கிற வரையில் இருக்கலாம். மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷமென்றால் பறவைகள் வந்திராது. கிளம்புமுன் அதை மட்டும் விசாரித்துக்கொள்வது நல்லது.

நாலரை மணிக்கு மேல்தான் அங்கே வேடிக்கை. மேற்கே வானத்தில் முதலில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பிறகு வரிசை வரிசையாக வரும். கூழைக்கடா பெரிய ஓடம் கரை தட்டுவதுபோலத் தண்ணீரில் வந்து இறங்கும். கரண்டிவாயனின் குஞ்சு தாயின் வாய்க்குள்ளேயே தலையை விட்டு இரையைப் பிடுங்கும். இருட்டப் போகிற சமயத்தில், வருகிற கூட்டத்துக்கு எதிராக இராக்கொக்குகள் வெளியே கிளம்பும். அவற்றுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. ஒரு பறவை எந்தக் கிளையில் இறங்கலாம் என்று அடுத்த பறவையோடு போடும் சண்டையைப் பார்த்தால் ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த நேரத்தில் நம் குடும்பத் தலைவரின் வேன் படாளம் கூட்டுரோட்டில் மாமல்லபுரத்துக்கு வழி விசாரித்துக் கொண்டிருக்கிறது. பின் சீட்டில் பையன் தூங்கிவிட்டான். வேனுக்கு மேலே இருபது முப்பது நாரைகள் ஏரியைப் பார்த்துப் பறந்து போகின்றன. பாட்டி மட்டும் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்க்கிறாள்.