வயதை மட்டும் கேட்டால் போதுமா?

"75 வயது ஆகிவிட்டது. இந்த உடம்பு இனி கீமோதெரபியைத் தாங்குமா?"

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் இந்தக் கேள்விதான் எழுகிறது. மகன் ஒன்று சொல்வார். மகள் வேறொன்று சொல்வாள். ஊரிலிருந்து வந்த மாமா, "வயதான காலத்தில் எதற்காக வதைக்கிறீர்கள்?" என்பார். கடைசியில் வயதே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இது தவறு.

மூப்பு வேறு, தள்ளாமை வேறு. "தள்ளாத வயது" என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதில்தான் குழப்பம் வருகிறது. 80 வயதில் கடைத்தெருவுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறவர் உண்டு. 66 வயதில் எழுந்து நிற்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியவரும் உண்டு. இருவருக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தால், முன்னவர் தாங்கிக்கொள்ளலாம். பின்னவர் படுத்த படுக்கை ஆகிவிடலாம்.

தள்ளாமை என்பது உடம்பின் சேமிப்பு கரைந்துபோன நிலை. கையில் நாலு காசு உள்ள குடும்பம் திடீர்ச் செலவைச் சமாளித்துவிடும். அன்றாடங்காய்ச்சியின் வீடு ஒரு காய்ச்சலுக்கே ஆட்டம் கண்டுவிடும். கீமோதெரபியோ பெரிய செலவு.

எட்டுக் கேள்விகள்

இதை அளக்க முடியுமா? முடியும். அமெரிக்க டாக்டர் லிண்டா பிரைடும் அவருடைய குழுவினரும் 2001-ல் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். தானாக எடை குறைவது, எதைச் செய்தாலும் களைப்பு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. இவற்றில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று பொருள்.

புற்றுநோய் வந்த முதியவர்களுக்கென்றே பிரான்சு நாட்டில் 'ஜி-8' என்ற வினாத்தாள் உருவானது. எட்டே கேள்விகள். சாப்பாடு குறைந்ததா? மூன்று மாதத்தில் எடை இறங்கியதா? வெளியே போய் வருகிறாரா? மறதியோ மனச்சோர்வோ உண்டா? உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? தினமும் மூன்றுக்கு மேல் மருந்து சாப்பிடுகிறாரா? தம் வயதுக்காரர்களோடு பார்த்தால் தம் உடல்நலம் எப்படி என்று நினைக்கிறார்? எட்டாவதாகத்தான் வயது வருகிறது! மொத்தம் 17 மார்க். அதில் வயதுக்கு உள்ளது 2 மார்க்தான்.

14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழுச் சோதனை வேண்டும். பரீட்சையில் தோற்றார், சிகிச்சை கிடையாது என்று அர்த்தமல்ல.

முழுச் சோதனையில் ஞாபகசக்தி, மனநிலை, சாப்பாடு, நடை, கீழே விழுந்த கதை எல்லாம் விசாரிக்கப்படும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள். ஒரு கடிகாரம் போதும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். இது வம்பு விசாரணை அல்ல. கீமோதெரபி நடக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தனியாக வசிக்கும் பாட்டியை நடுராத்திரியில் யார் அழைத்துப் போவார்கள்?

பலன் என்ன?

அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 718 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2021-ல் வெளியானது. அத்தனை பேருக்கும் குணமாக்க முடியாத முற்றிய புற்றுநோய். இத்தகைய சோதனையின் விவரத்தை ஒரு பகுதி டாக்டர்களிடம் கொடுத்தார்கள், மற்றவர்களிடம் கொடுக்கவில்லை. விவரம் தெரியாத டாக்டர்களின் நோயாளிகளில் 100-க்கு 71 பேர் கடுமையான பக்கவிளைவுக்கு ஆளானார்கள். விவரம் தெரிந்தவர்களிடம் அது 51 ஆகக் குறைந்தது. கீழே விழுந்தவர்களும் குறைவு. ஆயுள் குறைந்ததா என்றால், பெரிய வித்தியாசம் இல்லை.

பிரிட்டனில் தள்ளாத நோயாளிகள் 514 பேரிடம் நடந்த ஆராய்ச்சியும் அதே ஆண்டில் வெளியானது. முற்றிய இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு மருந்தை 100-க்கு 60 பங்காகக் குறைத்துக் கொடுத்தாலும், நோயைக் கட்டுப்படுத்துவதில் அது பின்தங்கவில்லை. தொல்லையும் குறைந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குணமாகக்கூடிய நோய்க்கு மருந்தைக் குறைப்பது ஆபத்தாக முடியலாம்.

மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் முதிய புற்றுநோயாளிகளுக்கென்று தனிக் கிளினிக் நடக்கிறது. கூட்டம் அலைமோதும் மற்ற ஆஸ்பத்திரிகளில் இதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். எட்டுக் கேள்விகளை ஒரு நர்சே கேட்டுவிட முடியும். மருந்து ஏற்றிய பின் வார்டில் பல நாள் கிடப்பதைவிட இது சிக்கனம் அல்லவா?

குடும்பத்தாருக்கும் வேலை உண்டு. நோயின் பெயரைப் பெரியவரிடம் மறைத்துவிட்டு, அவர் சார்பில் மற்றவர்கள் முடிவு செய்வது சில வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. ஆறு மாதம் கூடுதலாக வாழ வேண்டும் என்பது ஒருவர் ஆசை. யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்வந்தால் போதும் என்பது இன்னொருவர் ஆசை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அவரைக் கேட்காமல் டாக்டர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு நாட்டு மருந்துப் பொட்டலம், தூக்க மாத்திரை எதையும் விடக் கூடாது. ஆறு மாதத்தில் எத்தனை தடவை விழுந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர் "ஒன்றுமில்லை, கால் சறுக்கியது" என்று மழுப்புவார். பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.