விட்டுக்கொடுக்க வேண்டாம், அப்பா!

மகளுக்குச் சைக்கிள் பழக்கிய தந்தையரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை மூச்சிரைக்க ஓடுவார். விழுந்தால் தூக்கி நிறுத்துவார். ஆற்றில் இறக்கி நீச்சல் கற்றுக் கொடுத்தவரும் அவரே. கொய்யா மரத்தில் ஏறச் சொல்லிக் கீழே கை நீட்டி நின்றவரும் அவரே. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆகட்டும்! ஆறு ஆழமாகிவிடுகிறது, மரம் உயரமாகிவிடுகிறது, சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. நேற்றுவரை தோழராக இருந்த அப்பா இன்று காவற்காரராகிவிடுகிறார். ஆறும் மாறவில்லை, மரமும் மாறவில்லை. மாறியவர் யார்?

பழைய கதைதான் இது. தினைப்புனம் காத்துக் கவண் வீசிக் கிளி ஓட்டிய பெண்ணையும், அருவியில் ஆடித் திளைத்த பெண்ணையும் நம் அகப்பாடல்கள் எவ்வளவு பெருமையோடு காட்டுகின்றன! அதே பாடல்களில் இற்செறிப்பு என்றும் ஒன்று வருகிறது. பெண் வளர்ந்துவிட்டாள், இனி வெளியே போகலாகாது என்று வீட்டுக்குள் வைத்துக் காப்பது. நாம் அருவியைப் பாட்டில் வைத்துக்கொண்டோம். செறிப்பை வீட்டில் வைத்துக்கொண்டோம்.

பறித்துக்கொண்டதைத் திரும்பப் பெற எத்தனை பாடு என்பதற்குப் புதுக்கோட்டை சான்று. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பிள்ளை பெற்ற தாய்மார்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் பேசினார்கள்; சக்கரம் நிற்கவில்லை. பத்து வயதில் கிடைத்திருக்க வேண்டியது அவர்களுக்கு முப்பது வயதில் கிடைத்தது!

இதற்கு நேர்மாறான ஒரு வீட்டையும் பாருங்கள். காம்யா கார்த்திகேயன் மும்பைக் கடற்படைப் பள்ளியில் படித்த மாணவி. தந்தை எஸ். கார்த்திகேயன் இந்தியக் கடற்படையில் கமாண்டர். 2020 பிப்ரவரி முதல் நாள், தென் அமெரிக்காவின் மிக உயர்ந்த மலையான அக்கோன்காகுவாவின் உச்சியில் அந்தப் பெண் நின்றபோது வயது பன்னிரண்டு. நம் வீடுகளில் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்ளும் அதே வயது! 2024 மே 20-ஆம் நாள் தந்தையும் மகளும் எவரெஸ்ட் சிகரம் ஏறினார்கள்; அப்போது அவருக்குப் பதினாறு. அதே ஆண்டு டிசம்பரில் அண்டார்க்டிகாவின் வின்சன் மலையிலும் இருவரும் சேர்ந்தே ஏற, ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களும் அந்தப் பெண்ணுக்கு நிறைவேறின.

இதில் சாதனைக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. எவரெஸ்ட் உச்சியின் உயரம் 8,849 மீட்டர். கடல்மட்டத்தில் நாம் இழுக்கும் மூச்சில் உள்ள உயிர்க்காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அங்கே கிடைக்கும். அந்த இடத்தில் எந்தத் தந்தையும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. “போனால் போகட்டும், குழந்தை ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம்” என்று மலையும் சொல்லாது. ஒவ்வோர் அடியும் அவள் காலால் அவளே வைத்த அடி.

நம் வீட்டு அப்பாக்கள் செய்யும் இரண்டாவது பிழை இங்கேதான் இருக்கிறது. அடைத்து வைப்பவரைப் பற்றிச் சொன்னேன். அன்பு மிகுதியால் தோற்றுக் கொடுப்பவர் இன்னொருவர். ஓட்டப் பந்தயத்தில் காலை இழுத்து நடப்பார். பூப்பந்தாட்டத்தில் வேண்டுமென்றே வலையில் அடிப்பார். ஐந்து வயதுக் குழந்தை கைகொட்டிச் சிரிக்கும், சரி. பன்னிரண்டு வயதுப் பெண் கண்டுபிடித்துவிடுவாள். “இவளால் உண்மையில் வெல்ல முடியாது” என்று அப்பா நினைப்பதாக அவள் எடுத்துக்கொண்டால், அவளைக் குறை சொல்ல முடியுமா?

சலுகை கொடுப்பதில் தவறில்லை. ஒளித்துக் கொடுப்பதுதான் தவறு. “நூறு மீட்டரில் உனக்கு இருபது மீட்டர் முன்னால், அதற்குமேல் நான் ஓடுகிற ஓட்டம் மெய்யான ஓட்டம்” என்று சொல்லிவிட்டு ஓடட்டும். அடுத்த ஆண்டு பதினைந்து, அதற்கடுத்த ஆண்டு பத்து என்று குறையட்டும். அவளுக்குப் பதினாறு ஆகும்போது அவருக்கு நாற்பத்தைந்து ஆகியிருக்கும். முழங்கால் பேச ஆரம்பித்திருக்கும். ஒருநாள் அவளே கேட்பாள்: “அப்பா, உங்களுக்கு எத்தனை மீட்டர் வேண்டும்?” அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கத் தெரிந்த தந்தைதான் மகளோடு மெய்யாக விளையாடியவர். சிலருக்கு அது கசக்கும். மகனிடம் தோற்றால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுபவர், மகளிடம் தோற்றால் கால் சுளுக்கிக்கொண்டது என்பார்!

“காலம் கெட்டுக் கிடக்கிறதே, பெண்ணை வெளியே விடுவதா?” என்பார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது பெண்ணைத் தனியே அனுப்பும்படி அல்லவே. கூடப் போங்கள் என்றுதானே கேட்கிறேன்! காசில்லை என்பார்கள். இமயத்துக்குக் காசு வேண்டும், மறுக்கவில்லை. முத்யால மடுவுக்கு என்ன வேண்டும்?

ஆனேக்கல் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போனால் அந்தப் பள்ளத்தாக்கு. மழை பெய்த பின் அருவி முத்து முத்தாய்ச் சிதறும், பெயரும் அதனால்தான். இறங்குவது எளிது, திரும்பப் படியேறும்போதுதான் யாருக்கு எவ்வளவு மூச்சு என்று தெரியும். ஞாயிறுதோறும் நம் மாணவர்கள் கும்பல் கும்பலாகப் போகிறார்கள். தோழியரே, உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? ஒசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் உங்களைப் பார்க்க அப்பா வருகிறார். முறுக்குப் பொட்டலத்தைக் கொடுக்கிறார். மரத்தடியில் உட்கார்ந்து மதிப்பெண் கேட்கிறார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுகிறார். அடுத்த முறை அவரை அந்தப் படிகளுக்கு அழைத்துப் போங்கள். பன்னேர்கட்டாக் காடு பக்கம். யானை நடமாடும் இடம். ஆகவே பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள். பாசி படிந்த பாறையில் ஏறாதீர்கள். இந்த எச்சரிக்கை ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்; வழுக்குப் பாறை ஆண், பெண் பார்ப்பதில்லை.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தங்கையிடமிருந்து உங்களுக்கு வந்த அந்தச் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காற்றடித்து அவளிடம் கொடுங்கள். அப்பாவையும் கிளப்புங்கள்.

முத்யால மடுவில் பந்தய விதி ஒன்றுதான். கீழே அருவியடியில் இருவரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். மேலே பிந்தி வந்து சேர்பவர் ஆனேக்கல் பேருந்து நிலையத்தில் இருவருக்கும் தேநீர் வாங்க வேண்டும். அப்பா தோற்றால் மசால் வடையும் சேர்த்து!